‘கொத்து’ எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்திரிகைகளுக்கும் பதிப்பகங்களுக்கும் பிழை திருத்திக் கொடுப்பது என் வேலை. ஒற்று மிகுமா, மிகாதா என்பதற்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்கப்படுவது ‘கொத்து’ என்ற சொல்லைப் பற்றித்தான். சமையல் குறிப்பு எழுதுகிறவரும் கேட்கிறார், வானியல் கட்டுரை மொழிபெயர்க்கிறவரும் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால், எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கொத்து என்றால் சரியாக என்ன பொருள்?

அகராதியைத் திறந்தால் ‘திரள், கூட்டம், குலை’ என்று இருக்கும். தப்பில்லை, ஆனால் போதாது. மணல் திரளாகக் கிடக்கும். அதை யாரும் மணல் கொத்து என்பதில்லை. ஆட்டு மந்தையும் கூட்டம்தான். அது கொத்து ஆகாது.

சித்திரை மாதத்து வேப்பமரத்தடியில் நின்று ஒரு பூங்கொத்தை ஒடித்துப் பாருங்கள். பச்சைக் காம்பு ஒன்று. அதிலிருந்து மெல்லிய கிளைக்காம்புகள், அவற்றின் நுனியில் வெள்ளையாகக் குட்டிக் குட்டிப் பூக்கள். ஒவ்வொரு பூவும் தனி. எண்ண முடியும், கிள்ள முடியும். ஆனால் அடிக்காம்பைப் பிடித்துத் தூக்கினால் அத்தனையும் கூடவே வரும். இதுதான் கொத்து. பல பொருள்கள், தனித்தனியாகவே இருந்துகொண்டு, ஓர் அடியில் சேர்ந்திருப்பது.

நான் இதைக் காம்புச் சோதனை என்று சொல்லிக்கொள்வேன். எதையாவது கொத்து என்று எழுதும் முன் ‘இதற்குக் காம்பு எங்கே?’ என்று கேட்டுக்கொண்டால் போதும். சாவிக்கொத்துக்கு வளையம்தான் காம்பு. ‘தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள்’ என்றால் அவள் கைப்பிடிதான் காம்பு.

கொத்துக்கும் கட்டுக்கும் என்ன வேறுபாடு? ‘ஒரு கொத்து கீரை’ என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் வரும் அம்மாளிடம் கேட்டால் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிடுவார். அரைக்கீரையும் சிறுகீரையும் அவரிடம் கட்டு. முருங்கைக்கீரைகூட, காம்பிலேயே கொத்துக் கொத்தாக இருந்தாலும், வாழைநார் சுற்றி வைத்த மாத்திரத்தில் கட்டு ஆகிவிடும். காய் வாங்கி முடித்ததும் அவர் கொசுறாகக் கூடையில் போடும் கறிவேப்பிலை மட்டும்தான் கொத்து.

இயற்கையில் சேர்ந்தே வளர்ந்தது கொத்து. மனிதன் சேர்த்து வைத்து இறுக்கியது கட்டு. விறகு, வைக்கோல், வெற்றிலை, ரூபாய் நோட்டு எல்லாம் கட்டுதான். அவிழ்த்தால் கட்டு கலைந்துபோகும். கொத்தை அவிழ்க்க முடியாது, உதிர்க்கத்தான் முடியும்.

அப்படியானால் விழா மேடையில் கொடுக்கிறார்களே பூங்கொத்து, அது கையால் கட்டியதுதானே என்று ஒருவர் மடக்கினார். நியாயமான கேள்வி. அடியில் காகிதம் சுற்றி, பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வைத்து, காம்பில் பூத்தது போலத் தோன்றச் செய்கிறார்கள் அல்லவா? அந்தத் தோற்றத்துக்குத்தான் அந்தப் பெயர். பூக்களை நாரில் தொடுத்தால் அது சரம். பந்துபோல உருட்டிக் கட்டினால் செண்டு.

மாவில் விழுவதைக் கட்டி என்கிறோமே. அது கொத்து ஆகாதா?

ஆகாது. கேழ்வரகு மாவில் வெந்நீரை அவசரமாக ஊற்றினால் உருண்டு கொள்கிறது பாருங்கள், அதில் எந்த மாவுத் துகளையும் தனியே பிரித்துக் காட்ட முடியாது. துகள்கள் தங்களை இழந்து ஒன்றாகிவிட்டால் கட்டி. மண்ணாங்கட்டி, பனிக்கட்டி, வெல்லக்கட்டி எல்லாம் அப்படித்தான். கருப்பட்டியும் ‘கருப்புக்கட்டி’ தேய்ந்து வந்ததுதான்.

குலை, தார், சீப்பு: எதை எங்கே எழுதுவது?

வாழையில் இந்தக் குழப்பமே வரக்கூடாது. அவ்வளவு துல்லியமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். மரத்திலிருந்து வெட்டி இறக்குவது முழுத் தார். தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் அதைக் குலை என்பார்கள். தாரில் அடுக்கடுக்காக இருப்பது சீப்பு. சீப்பிலிருந்து பிய்ப்பது பழம். வாழைப்பழக் கொத்து என்று ஒரு மொழிபெயர்ப்பில் வந்தது. திருத்தினேன். மறுபடியும் வந்தது. மறுபடியும் திருத்தினேன்.

குலை என்பதில் பாரம் இருக்கிறது. தேங்காய், நுங்கு, ஈச்சம்பழம் எல்லாம் கனத்துத் தொங்குபவை, அவை குலை. கறிக்கடையில் ஈரற்குலை என்பதும் உள்ளே தொங்குவதால்தான் பொருந்துகிறது. கொத்துக்கு அந்தக் கனம் தேவையில்லை. மேல்நோக்கி நிமிர்ந்தும் நிற்கலாம். மாமரத்தில் பூ கொத்தாக நிற்கும், காய் குலையாகத் தொங்கும். திராட்சைக்கு மட்டும் இரண்டும் வழங்குகிறது, அதில் நான் கை வைப்பதில்லை.

சமையல் குறிப்பில் ‘ஒரு இணுக்கு கறிவேப்பிலை’, ‘ஒரு கொத்து கறிவேப்பிலை’ என்று இரண்டும் வருகிறதே?

இணுக்கு சிறியது. கறிவேப்பிலையின் நடு ஈர்க்கு ஒன்று, அதன் இருபுறமும் இலைகள்: அது ஓர் இணுக்கு. இணுங்குதல் என்றால் விரலால் மெல்ல ஒடித்தெடுப்பது. அதிலிருந்து வந்த சொல். நாலைந்து இணுக்குகள் ஒரு கிளைநுனியில் சேர்ந்திருந்தால் கொத்து. ரசத்துக்கு இணுக்கு போதும். கொத்து போட்டால் ரசம் கஷாயம் ஆகிவிடும்.

வயலில் ‘குத்து’ என்கிறார்கள். அதுவும் கொத்துதானா?

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்தமானது. நெல் நாற்றின் கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், சிறு திரளுக்குத் தமிழில் எத்தனை பெயர் என்பது புரியும்.

நாற்றங்காலில் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றைக் காலில் தட்டி, ஒரு பிடி நாற்றைச் சேர்த்து முடிந்து போடுவார்கள். அது முடி. முடிகளை நடவு வயலில் வீசி வைத்துவிட்டு, நடுகிறவர்கள் குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு மூன்று நாற்றாகச் சேற்றில் ஊன்றுவார்கள். ஊன்றிய இடம் ஒவ்வொன்றும் ஒரு குத்து. திருந்திய நெல் சாகுபடி முறையில் இதைத்தான் மாற்றினார்கள்: பதினான்கு நாள் இளநாற்று, குத்துக்கு ஒரே ஒரு நாற்று, கால் மீட்டர் அளவுக்கு இடைவெளி. பயிர் வேர் பிடித்ததும் அடியில் பக்கக் கிளைகள் வெடித்துக் குத்து பருக்கும். அதற்குத் தூர் கட்டுதல் என்று பெயர். அறுவடையில் ஒரு கைப்பிடி அறுத்துக் கீழே வைப்பது அரி. அரிகளைச் சேர்த்தால் கட்டு. கட்டுகளை அடித்து மணியை உதிர்த்த பிறகு வைக்கோலை அடுக்கினால் போர்.

முடி, குத்து, தூர், அரி, கட்டு, போர். பிறமொழிக் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தாலும் தமிழில் எந்தக் கட்டத்தைப் பற்றிய பேச்சு என்று பார்த்து எழுதவேண்டும் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

குத்தும் கொத்தும் உறவா என்றால், உறவென்றே நினைக்கிறேன். அடியிலேயே பலவாகக் கிளைத்து நிற்கும் சிறு தாவரத்தைக் குத்துச்செடி என்கிறோம். உகரமும் ஒகரமும் இடம் மாறிக்கொள்வது திராவிட மொழிகளில் வழக்கமான ஒன்று.

சாவிக்கொத்தும் கொத்து பரோட்டாவும் ஒரே கொத்தா?

இல்லை. உருவம் ஒன்று, ஆள் வேறு.

கொத்து பரோட்டாவில் இருப்பது வினை. கோழி கொத்துகிறது, பாம்பு கொத்துகிறது, களைக்கொத்தால் மண்ணைக் கொத்துகிறோம். கூரான ஒன்றால் அடுத்தடுத்து இடிப்பது என்பதே இதன் கரு. மரங்கொத்தி, மீன்கொத்தி, கொத்துக்கறி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள். கல்லைக் கொத்திய கை கட்டடம் எழுப்பப் போனதால் கொத்தனாரும் இங்கேதான் சேர்வார். இரவு பத்து மணிக்குப் பரோட்டாக் கடைப் பக்கம் போனால், தோசைக்கல்லில் இரண்டு தகடுகள் மாறி மாறி விழும் தாளத்திலேயே சொற்பிறப்பு கேட்கும். இலங்கையின் கொத்து ரொட்டியும் இதே வினையில் பிறந்ததுதான்.

திரளைக் குறிக்கும் கொத்து பெயர்ச்சொல். ‘கட்டினான்’ என்ற வினையிலிருந்து ‘கட்டு’ வந்ததுபோல, ‘கொத்தினான்’ என்பதிலிருந்து பூங்கொத்து வந்திருக்க முடியாது. கொத்தினால் சிதறுமே தவிரச் சேராது.

அப்படியானால் திரளைக் குறிக்கும் கொத்தின் வேர் எது?

பக்கத்து வீட்டில் கேட்டால் பாதி விடை கிடைக்கும். தெலுங்கில் ‘குத்தி’ என்ற சொல் உண்டு. முதலெழுத்தைக் ககரமாக அல்லாமல், ‘குரு’ என்பதில் வருவது போல ஒலிக்கவேண்டும். பூங்கொத்தும் குத்திதான், சாவிக்கொத்தும் ‘தாளால குத்தி’தான். ஆந்திரச் சமையலில் புகழ்பெற்ற குத்தி வங்காய கறிக்குக் கத்தரிக்காயை நான்காகக் கீறுவார்கள், ஆனால் காம்பை அறுக்கமாட்டார்கள். மசாலாவை அடைத்த பிறகும் நான்கு துண்டும் காம்பில் சேர்ந்தே நிற்கும். என் காம்புச் சோதனைக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. கன்னடத்திலும் குத்தி என்றால் புதர், கொத்து.

ஆகவே இது தென்மொழிகளுக்குப் பொதுவான பழைய சொல். வடமொழியில் ‘குச்சம்’ என்று ஒன்று உண்டு, இந்தியில் குச்சா. பூங்கொத்து என்றே பொருள். நம் ஜடைக்குச்சில் வரும் குச்சை அதனோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காகக் கொத்தையும் அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது. ஒலி ஒப்புமை மட்டுமே வைத்துக்கொண்டு வேர் தோண்டுவது நம் ஊரில் பெரிய பொழுதுபோக்கு. இந்தப் பக்கம் உலகமொழி எல்லாம் தமிழ் என்பவர்கள், அந்தப் பக்கம் தமிழெல்லாம் வடமொழி என்பவர்கள். இருவருக்கும் நடுவே சொல் பாட்டுக்குச் சொல்லாக இருக்கிறது.

பழைய இலக்கியத்தில் கொத்து இருக்கிறதா?

இருக்கிறது. மார்கழியில் பாடும் திருப்பாவையின் பத்தொன்பதாம் பாட்டைச் சொல்லிப் பாருங்கள். ‘குத்து விளக்கெரிய’ என்று தொடங்கி, ‘கொத்தலர் பூங்குழல் நப்பின்னை’ என்று வரும். கொத்தாக அலர்ந்த பூக்களைச் சூடிய கூந்தல் என்று பொருள். ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் உரையாசிரியர் துணை இல்லாமலே அந்தச் சொல் புரிகிறது. அதே பாட்டின் முதல் சொல்லான குத்து, செங்குத்தாக நிற்பதைக் குறிப்பது; வயல் குத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதற்கும் முன்னால் பூங்கொத்துக்குப் பரவலாக வழங்கியது இணர். திருக்குறளில் இரண்டு இடத்தில் வருகிறது. 650ஆம் குறள், கற்றதைப் பிறர் உணர விரித்துச் சொல்ல முடியாதவர்களை ‘இணர் ஊழ்த்தும் நாறா மலர்’ என்கிறது. கொத்தாகப் பூத்தும் மணமில்லாத பூ. 308ஆம் குறளில் ‘இணர் எரி’ வருகிறது. ஒரே அடியிலிருந்து பல நாக்குகளாகக் கிளம்பும் தீயைப் பூங்கொத்தாகப் பார்த்திருக்கிறார் வள்ளுவர். அடுப்பில் விறகு பற்றிக்கொள்ளும் நேரத்தில் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அந்த உவமை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

இணரும், அதே பொருளில் வழங்கிய துணரும் பேச்சிலிருந்து போய்விட்டன. தாவரவியல் பாடநூல்கள் மஞ்சரி என்ற சொல்லை எடுத்துக்கொண்டன. கொத்து மட்டும் தள்ளுவண்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது.

கொத்தமல்லி என்பது கொத்து + மல்லி தானே?

எல்லாரும் அப்படித்தான் பிரிக்கிறார்கள். கொத்தாகப் பூக்கும் மல்லி என்று அழகாக விளக்கமும் சொல்லிவிடலாம். நானே பல ஆண்டுகள் நம்பினேன். பிறகு கன்னடத்தில் ‘கொத்தம்பரி’, தெலுங்கில் ‘கொத்திமிரி’ என்று இருப்பதைக் கவனித்தேன். வடமொழியில் ‘குஸ்தும்புரு’. இவற்றில் எங்கேயும் மல்லி இல்லை. முழுச்சொல்லாக வழங்கிய ஒரு பெயரைத் தமிழ்க்காது தனக்குப் புரிந்த இரண்டு சொற்களாகக் கேட்டு, கொத்து என்றும் மல்லி என்றும் பிரித்துக்கொண்டிருக்கிறது. பிரித்ததோடு நிற்கவில்லை. பின்பாதியைத் தனியே கழற்றி, மல்லித் தூள், மல்லி விதை என்று ஒரு புதுச் சொல்லையும் உண்டாக்கிவிட்டது. பூக்கடை மல்லிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எழுதும்போது கொத்தமல்லி, கொத்துமல்லி இரண்டும் சரி. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் எனக்கு உதவி.

கொத்தவரங்காய்?

இதில் சந்தேகமே இல்லை. கொத்து + அவரை. கணுவுக்குக் கணு நான்கைந்து காய்கள் ஓரிடத்திலிருந்து கிளம்பி நிற்பதைப் பார்த்து வைத்த பெயர். மதுரைப் பக்கம் சீனியவரைக்காய் என்பார்கள். இதன் விதையிலிருந்து எடுக்கும் பிசின் ஐஸ்கிரீமுக்குள்ளும் எண்ணெய்க் கிணறுகளுக்குள்ளும் போகிறது. அதற்காகவே ராஜஸ்தானில் ஏராளமாகப் பயிரிடுகிறார்கள். நமக்குப் பருப்பு உசிலி போதும்.

மனிதர்களைக் கொத்து என்று சொல்லலாமா? கொத்தடிமை என்பது எந்தக் கொத்து?

சொல்லியிருக்கிறார்கள், மரியாதையாகவே. திருவரங்கம் கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகு, இராமானுசர் கோயில் பணியாளர்களைப் பத்துப் பிரிவுகளாக வகுத்ததைச் சொல்கிறது. அவற்றுக்குப் பத்துக்கொத்து என்று பெயர். ஒவ்வொரு கொத்துக்கும் இன்ன பணி, இன்ன உரிமை என்று வரையறை. பலர், ஆனால் ஒரே பொறுப்பில் பிணைந்தவர்கள்.

கொத்தடிமை என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. கொத்து என்பதற்கு வேலைக்குக் கூலியாக அளக்கும் தானியம் என்ற பொருளும் இருப்பதால், தானியக் கூலிக்குக் கட்டுப்பட்ட அடிமை என்பது ஒன்று. குடும்பத்தோடு, கொத்தாக அடிமைப்பட்டவர் என்பது மற்றொன்று. நான் இரண்டாவதன் பக்கம். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிச் சிக்கிக்கொள்கிறவர் பெரும்பாலும் தனி ஆளாக இருப்பதில்லை. கணவன் மண் குழைப்பார், மனைவி கல் அறுப்பார், பிள்ளைகள் காய்ந்த கல்லைத் திருப்பி வைப்பார்கள். கடன் ஒருவர் பெயரில் இருக்கும், பிணைப்பு எல்லார் மீதும் விழும். ‘கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம்’ என்று நாம் தமிழில் எழுதுவது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை. இந்திச் சொல்லான ‘பந்துவா’ கட்டப்பட்டவரைக் குறிக்கும். தமிழ்ச் சொல், கூடவே கட்டப்பட்ட குடும்பத்தையும் கண்முன் நிறுத்துகிறது.

புதிய அறிவியல் சொற்களில் கொத்து சரியாக வருகிறதா?

பெரும்பாலும் வருகிறது. விண்மீன் கொத்து நல்ல சொல். கார்த்திகையை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு தெரிவதால் சங்கப் புலவர்கள் அறுமீன் என்றார்கள். தொலைநோக்கியில் நூற்றுக்கணக்கில் தெரியும். அத்தனையும் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே வாயுமேகத்திலிருந்து பிறந்தவை, இன்னும் சேர்ந்தே நகர்கின்றன. காம்பு இருக்கிறது. ஆனால் ஓரியனைக் கொத்து என்று எழுதினால் அடித்துவிடுவேன். அதன் தோளில் இருக்கும் திருவாதிரையும் காலில் இருக்கும் ரைகலும் நம்மிடமிருந்து வெவ்வேறு தொலைவில் இருப்பவை. நாம் நிற்கும் இடத்திலிருந்து பக்கத்தில் தெரிகின்றன, அவ்வளவுதான். அது விண்மீன் குழு.

கொரோனா காலத்தில் இலங்கைத் தமிழ் ஊடகங்கள் ‘கொத்தணி’ என்ற சொல்லை நாள்தோறும் பயன்படுத்தின. 2020 அக்டோபருக்குப் பிறகு மினுவாங்கொடை கொத்தணி, பேலியகொடை கொத்தணி என்று செய்தி வராத நாளே இல்லை. ஆடைத் தொழிற்சாலை, மீன்சந்தை என்று ஒரு மூலத்திலிருந்து பரவிய தொற்றாளர்கள் அனைவரும் ஒரு கொத்தணி. அப்போது தமிழ்நாட்டு ஏடுகள் ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்து ஓட்டிக்கொண்டிருந்தன. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கொத்துக்குண்டு என்ற சொல்லையும் ஈழத்தமிழர்கள்தான் நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஓர் உறைக்குள் பல சிறு குண்டுகள். அவற்றைத் தடைசெய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2008இல் உருவாகி 2010இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2018இல் சேர்ந்தது.

‘ஒரு கொத்து அரிசி’ என்று யாழ்ப்பாணத்துக் கதையில் வருகிறது. எழுத்துப் பிழையா?

பிழை இல்லை, கை வைக்காதீர்கள். அங்கே கொத்து ஒரு முகத்தல் அளவை; சுண்டு என்ற சிறிய அளவையைவிடப் பெரியது. நாம் படி என்பதுபோல.

பூக்கொத்தா, பூங்கொத்தா? சாவிக்கொத்தா, கொத்துச்சாவியா?

பூவுக்குப் பின் வல்லினம் வந்தால் அந்த வல்லெழுத்தும் மிகலாம், அதன் இன மெல்லெழுத்தும் தோன்றலாம் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. பூக்கொடி, பூங்கொடி போல. இரண்டும் சரி, காதுக்குப் பூங்கொத்து இனிமை. சாவிக்கொத்தும் கொத்துச்சாவியும் வழக்கில் உள்ளவை. எப்படி எழுதினாலும் நடுவில் ஒற்றை விட்டுவிடாதீர்கள்.

சென்னைக் கொத்தவால் சாவடிக்கு அந்தப் பெயர் கொத்துக் கொத்தாகக் காய்கறி விற்றதாலா?

இப்படி ஒரு கட்டுரையில் நிஜமாகவே எழுதி வந்தது. கொத்தவால் என்பது பாரசீக வழியில் வந்த ‘கோத்வால்’, நகரக் காவல் அதிகாரி. அவருடைய சாவடி இருந்த இடம் அது. 1996இல் மொத்த விற்பனைக் கடைகள் கோயம்பேட்டுக்குப் போய்விட்டன, பெயர் மட்டும் ஜார்ஜ் டவுனிலேயே தங்கிவிட்டது. எழுதியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அங்கே கொத்தமல்லி விற்றார்கள் அல்லவா?” என்று கேட்டார்.